பட்டாளத்து லாரியில் கூரை மூடியைத் திறந்தவர்

முன்னால் வெள்ளம், பின்னால் வெள்ளம். நடுவில் ஒரு பழைய பட்டாளத்து லாரி. லாரிக்குள் நானும் என் வீட்டுக்காரரும். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் பக்கத்துக் கதவு திறக்காது. அவர் பக்கத்துக் கதவில் அவரே சாய்ந்து கிடக்கிறார். போனில் சிக்னல் இல்லை. போன வருடம் கணபதி விசர்ஜனம் முடிந்த வாரம், வியாழக்கிழமை மத்தியானம், அகோலா தாண்டி எங்கோ ஓர் இடத்தில் என் நிலைமை இதுதான். அன்று ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை நம் சபையார் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்களே என்று தள்ளிப்போட்டேன். இனியும் அடக்கி வைக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். தாராவியில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமி வீட்டில் சமையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் ஞானராஜ் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். வண்டி வேறொருவருடையது. செம்பூரில் மலைச் சரிவில் இருக்கிற சால் என்கிற வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவார். அந்த ஏற்றத்தில் டேங்கர் பாதியிலேயே நின்றுவிடும். மேல் வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சறுக்குகிற படிகளில் இறங்கி வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பட்டாளத்து லாரி ஒன்றை வாங்கி, அதில் டேங்கை ஏற்றிவிட்டால் உச்சி வீடு வரைக்கும் போகலாமே என்று. பட்டாளம் வேண்டாமென்று கழித்துப் போடுகிற லாரிகளை ஏலத்தில் எடுத்து விற்கிற யார்டு ஒன்று ஜபல்பூர் பக்கம் இருப்பதாக யாரோ சொல்ல, அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

நானும் அவரும் அதற்காக எத்தனையோ காலம் ஜெபித்தோம். ஒரு நாள் யார்டிலிருந்து போன் வந்தது, வண்டி நமக்குத்தான் என்று. மனுஷன் அந்த இடத்திலேயே முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணிவிட்டார். வண்டி யார்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சபை வாசலில் நின்று நம் போதகர் ஐயா அதன்மேல் கை வைத்து ஜெபிக்கிறவரை வாயில் ஒரு பருக்கை படாது. வழியில் ஓர் ஆளையும் ஏற்ற மாட்டார், ஒரு மூட்டையையும் ஏற்ற மாட்டார். முதல் லோடு ஆண்டவருடையது.

"சுகர்க்காரருக்கு உபவாசம் என்னத்துக்கு? நான் வேணா இருந்துக்கிடுதேன்" என்றேன்.

"வண்டி ஓட்டப்போறது நீயா நானா? ஆண்டவருக்குச் சொல்லியாச்சு, மாத்த முடியாது. பச்சத் தண்ணியும் கடுங்காப்பியும் போதும்" என்றார். காப்பியில் சர்க்கரை போட மாட்டார், சுகர் அல்லவா.

அவர் பிடிவாதம் நம் சபையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தனியாக விட்டால் சரிவராது என்று மாமியிடம் லீவு சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். டாக்டர் எப்போதும் எங்களிடம் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. அதனால் வழியெல்லாம் காலையும் மாலையும் மறக்காமல் மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். டாக்டர் சொன்னதையும் விடவில்லை, ஆண்டவருக்குச் சொன்னதையும் விடவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் உடம்பு என்ன பாடுபடும் என்று எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. நம் ஆட்களில் எத்தனை பேர் இன்றைக்கும் இதையே செய்துகொண்டிருக்கிறீர்களோ தெரியாது. தயவுசெய்து இந்த இடத்தை இன்னொரு தரம் படியுங்கள்.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு அவர்கள் வீட்டில் கொழுக்கட்டை செய்வது நான்தான். ஆனால் படைத்ததை நான் தொட மாட்டேன். அது மாமிக்குத் தெரியும். அந்த வருடமும் ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தார். "எஸ்தர், இது நோக்கு. சாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுட்டேன். பயப்படாம சாப்பிடு" என்றார். வருடா வருடம் இதே வார்த்தைதான். நானும் வருடா வருடம் வாங்கிக்கொண்டு, என் விசுவாசத்தை மாமியே மதிக்கிறாரே என்று மனதுக்குள் பெருமைப்படுவேன்.

யார்டில் லாரியைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எங்கள் சந்துக்குள் நுழையவே நுழையாத உயரம். உடம்பெல்லாம் பட்டாளத்துப் பச்சை. பின்னால் வளைவுக் கம்பிகள்மேல் பச்சைத் தார்ப்பாய். பட்டாளத்து நிறத்தில் நாம் ஓட்டக் கூடாதாம்; அதற்காக முன்னால் மட்டும் யார்டுக்காரர் கடமைக்கு ஒரு கோடு மஞ்சள் பெயிண்ட் இழுத்திருந்தார். மற்றதை பம்பாயில் போய் அடித்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நான் உட்காருகிற பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போய்விட்டதால் வெளியிலிருந்து கம்பியைச் சுற்றி முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஏறினாலும் இறங்கினாலும் டிரைவர் சீட்டைத் தாண்டித்தான். என் உடம்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கி நின்று கையைப் பிடித்து இழுக்க, நான் ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டு வெளியே வருவேன்.

என் தலைக்கு நேர் மேலே கூரையில் வட்டமாக ஓர் இரும்பு மூடி இருந்தது. பட்டாளத்துக்காரன் துப்பாக்கியோடு அதில் எழுந்து நிற்பானாம். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. நமக்குத்தான் கையை உயர்த்தாமல் ஜெபிக்க வராதே. காலையில் வண்டி கிளம்பும்போது ஸ்தோத்திரம் என்று கையை உயர்த்துவேன், விரல் முட்டி அந்த மூடியில் போய் இடிக்கும். "பாத்து ஏட்டி, பரலோகத்துக்கே குத்து விடுதியே" என்று அவர் சிரிப்பார். தோல் உரிந்து மருந்து போட்டுக்கொண்டேன்.

அவர் பட்டினி கிடக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்க எனக்கு மனது வரவில்லை. அதனால் வண்டிக்குள் தின்பதற்கென்று எதையுமே வைத்துக்கொள்ளவில்லை. வழியில் தாபாவில் நிறுத்தும்போது நான் மட்டும் உள்ளே போய், அவர் கண்ணில் படாமல் சாப்பிட்டுவிட்டு வருவேன். வீட்டில் இருந்தால் என் கைப்பையில் எப்போதும் கற்கண்டு கிடக்கும். அதையும் எடுத்து அடுக்களையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பையில் இருந்தது ஓர் ஊறுகாய் பாட்டில் மட்டும்.

முதலில் பயணம் நன்றாகத்தான் போனது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து சல்யூட் அடித்தார்கள். இவரும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு பதிலுக்கு அடித்தார். வண்டி வேகம் போகாது என்பதால் பழைய ரோட்டிலேயே வந்தோம். நாக்பூர் தாண்டி, அமராவதி தாண்டி, அகோலாவும் தாண்டியாயிற்று. அந்த வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. இரண்டு பக்கமும் கரிசல் காடு. தார் ரோட்டை விட்டுச் சக்கரம் இறங்கினால் வண்டி புதைந்துவிடும். மத்தியானம் ஓர் ஓடைப் பாலத்தைத் தாண்டினோம், தண்ணீர் அப்போதே பாலத்தை நக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்னோர் ஓடை. அங்கே பாலமே தெரியவில்லை. கலங்கல் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிறது.

வண்டியை நிறுத்தினார். "கொஞ்சம் நிப்போம். கண்ணு என்னமோ மங்கலா இருக்கு" என்றார்.

"திரும்பிப் போயிருவோமா?"

"பயப்படாத. பட்டாளத்து வண்டி இது. மழை விடட்டும், ஒரே மிதி."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். நாங்கள் தாண்டி வந்த பாலத்தையும் காணவில்லை. ரோட்டில் ஒரு துண்டு மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது. அதில் நாங்கள். வேறு ஒரு வண்டி இல்லை. மழை அடிக்கிற அடியில் பக்கத்து வயல்கூடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் சட்டை நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை. அந்தக் குளிரில் அப்படி ஒரு வியர்வை. கை நடுங்குகிறது. "ஏங்க, என்ன செய்யுது?" என்றேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, செம்பூர் ஏற்றத்தில் போவதுபோல கியரைத் தேடுகிறார். எஞ்சின் ஓடவே இல்லை. முன்னே ஒரு தடவை வீட்டில் அவருக்கு இப்படி ஆகியிருக்கிறது. சுகர் இறங்கினால் இப்படித்தான் வியர்க்கும், உடனே இனிப்பு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஆள் நினைவு தப்பிவிடுவார், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அன்று சொல்லியிருந்தார்.

இனிப்பு. எங்கே போவேன் இனிப்புக்கு? கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஊறுகாய் உருண்டது. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். முந்தின டிரைவர் எவனாவது ஒரு மிட்டாயைத் தவறவிட்டிருக்கக் கூடாதா? ஒரு நட்டும் ஒரு துணிக் கந்தையும் கிடைத்தன. போனை ஜன்னலுக்கு ஜன்னல் நீட்டினேன். சிக்னல் வரவில்லை. ஹாரன் அடித்தேன், மழைச் சத்தத்தில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

இறங்கி ஓடலாம் என்றால், எந்தப் பக்கம் இறங்க? என் கதவு கம்பியால் கட்டியிருக்கிறது. ஜன்னலில் என் தோள்கூட நுழையாது. அவர் பக்கம் போகலாம் என்று எழுந்தேன். அவர் கதவோடு கதவாகச் சாய்ந்துவிட்டார். தாழ்ப்பாள் அவர் முதுகுக்குப் பின்னால். தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தேன். என்னைப் பிடித்துத் தள்ளினார். முழு பலத்தோடு தள்ளினார். என் தலை கண்ணாடியில் மோதியது.

"யாரு நீ?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்மேல் கை வைத்ததில்லை. வலியைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது. "நான் எஸ்தருங்க, எஸ்தரு" என்று கத்தினேன். கண் என் பக்கம் இருந்தது, பார்வை என்மேல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "சபை வாசல்… சபை வாசல்…" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

அந்த இரும்புப் பெட்டிக்குள் நான் அடைபட்ட அந்த நேரத்தை என்னால் விவரிக்க முடியாது. கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்றுகூடப் பார்க்க முடியவில்லை. டீசல் நாற்றம். அவருடைய மூச்சுச் சத்தம். அது சின்னதாகிக்கொண்டே வருகிறது. அவர் போன பிறகு இந்த வண்டியோடு நான் தனியாக இங்கே உட்கார்ந்திருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்ட முடியவில்லை.

அப்போது நான் ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். நான் சண்டை போட்டேன். "ஆண்டவரே, இந்த மனுஷன் உமக்காகத்தானே பட்டினி கிடந்தாரு! நான் உமக்காகத்தானே ஒரு கற்கண்டுகூட எடுக்காம வந்தேன்! உம்மை நம்பினதுக்கு இதுதானா? அவரை எடுத்துக்கிடறதா இருந்தா என்னையும் சேத்து எடுத்துக்கிடும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த அழுகை வந்தது. அழுது முடிந்த பிறகுதான் ஜெபம் வந்தது. "என்னால ஒண்ணும் முடியல. நீரே ஒரு வழி திறவும்" என்று சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினேன்.

விரல் முட்டி மூடியில் இடித்தது. இத்தனை நாள் இடித்த அதே இடம், ஆறாத புண். வலியில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அடக் கடவுளே, இது மூடியல்லவா! மூடி என்றால் திறக்கும் அல்லவா!

சீட்டின்மேல் ஏறினேன். கையால் தள்ளினேன், அசையவில்லை. ஊறுகாய் பாட்டிலிலிருந்த எண்ணெயைக் கந்தையில் நனைத்து விளிம்பைச் சுற்றித் தேய்த்தேன். குனிந்து நின்று முதுகைக் கொடுத்து, "இயேசுவே" என்று ஒரு முட்டு முட்டினேன். கிரீச்சென்று கத்திக்கொண்டு திறந்துகொண்டது. என் உடம்பு இடுப்பு வரைக்கும் வெளியே வந்துவிட்டது. அதற்குக் கீழே வரவில்லை. அது போதும் எனக்கு. மழை முகத்தில் அறைந்தது. அவருடைய வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றி, தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து கூப்பாடு போட்டேன்.

எங்களுக்கும் முன்னால் இருந்த ஓடைக்கும் நடுவில், ரோட்டோரம் ஒரு பஸ் நிறுத்தக் கொட்டகை இருந்திருக்கிறது. மழையில் அதுவரை எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மலைக் கோயில் ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்புகிற கூட்டம். அவர்கள் வந்த வேன் ஓடையில் எஞ்சின் அணைந்துபோய், ரோட்டை விட்டு விலகிச் சாய்ந்துகிடந்தது. காலையிலிருந்து கொட்டகையில் மாட்டிக்கொண்டு, பட்டாளம் வந்து மீட்காதா என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எங்கள் பச்சை லாரி வந்து நின்றதும் பட்டாளம் வந்துவிட்டது என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். ஆனால் லாரியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. சோல்ஜர்கள் மழை விடுவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் துப்பாக்கிக்காரன் நிற்கிற இடத்தில் சேலை கட்டிய ஒரு குண்டுப் பெண் முளைத்துத் துண்டை வீசியதும்தான் புறப்பட்டு வந்தார்கள்.

முதலில் வந்தவள் என் வயதுக்காரி. பெயர் மங்கல் என்று பிறகு தெரிந்தது. அண்ணாந்து பார்த்து, "ஃபௌஜி கிதர் ஹை?" என்றாள். சோல்ஜர்கள் எங்கே என்கிறாள்.

"ஃபௌஜி நஹி! மேரா ஆத்மி ஹை அந்தர்! ஷுகர் கிர் கயா! குச் மீட்டா ஹை க்யா, குச் பி மீட்டா!" என்று அலறினேன். சோல்ஜர் இல்லை, என் புருஷன், இனிப்பு இருந்தால் கொடுங்கள் என்று.

பட்டாளம் இல்லை என்று கேட்டதும் அவர்கள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். ஒரு வயதானவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். மங்கல் மட்டும் நிற்கவில்லை. டிரைவர் பக்கம் ஏறி வெளியிலிருந்து கதவைத் திறந்தாள். சரிந்து விழப்போனவரை அவர்களுடைய வேன் டிரைவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் மேலேயிருந்து இறங்கி வருவதற்குள் மங்கல் தன் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தாள். சிவப்பு நூலால் கட்டியிருந்தது. ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு பல்லால் கடித்து நூலை அறுத்து, திறந்து என் முன்னால் நீட்டினாள்.

பேடா. மேலே குங்குமம் சிந்தியிருந்தது. ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. கோயிலில் படைத்துக் கொடுத்த பிரசாதம்.

என் கை நின்றுவிட்டது. சபையாரே, இதைத்தான் நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புருஷன் செத்துக்கொண்டிருக்கிறார், என் கை நிற்கிறது. சின்ன வயதிலிருந்து தொடாதது. அவரும் தொடாதது. அவருடைய பொருத்தனை வேறு. நினைவு வந்த பிறகு என்னை என்ன கேட்பார்? ஆண்டவர் என்ன கேட்பார்? அந்த நேரத்தில் மாமியின் முகம் எனக்கு முன்னால் வந்தது. தன் சாமிக்குக் காட்டுவதற்கு முன்னாலேயே எனக்கென்று எடுத்து வைத்த மாமி. தன் சாமியைவிட என்னை முதலில் நினைத்த ஒருத்தி வருடா வருடம் என் கையில் டப்பாவைக் கொடுத்திருக்கிறாள். எனக்கு என் விசுவாசம் மட்டும்தான் அதில் தெரிந்திருக்கிறது. இப்போது இன்னொருத்தி மழையில் நனைந்துகொண்டு பெட்டியை நீட்டுகிறாள். வழி திறவும் என்று கேட்டது நான். எந்தக் கையால் திறக்க வேண்டும் என்று ஆண்டவருக்கு நான் சொல்லிக்கொடுக்க முடியுமா?

பேடாவை எடுத்தேன். பூ இதழைக்கூடத் தட்டவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை, பல்லை இறுக்கிக்கொண்டார். கன்னத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். கடித்தார். ரத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். "காவோ பாயி, காவோ", சாப்பிடுங்க அண்ணே என்று மங்கல் அவர் முகவாயைப் பிடித்துக்கொண்டாள், ஒரு தங்கச்சிபோல. மெதுவாக நாக்கு அசைந்தது. விழுங்கினார். இன்னொன்றை உதிர்த்து உதிர்த்துக் கொடுத்தேன். பெட்டியில் பாதி காலியான பிறகு கண் என்மேல் வந்து நின்றது.

"ஏட்டி, நீ ஏன் அழுத?" என்றார். பிறகு சுற்றிப் பார்த்து, "யாரு இம்புட்டுப் பேரு?" என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் நாக்கைச் சப்பிப் பார்த்தார். "வாயி இனிக்கு. என்னத்தக் குடுத்த?"

"பேடா."

"எங்க உள்ள பேடா?"

"கோயில் பேடா."

கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. "பொருத்தனை போச்சே எஸ்தரு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "பொருத்தனை போனா போட்டும். நீங்க போயிருந்தா நான் யாருட்டப் போயி கேப்பேன்?" என்று, அத்தனை பேருக்கு முன்னால், எழுந்து உட்காரத் தெம்பில்லாத மனுஷனைப் பிடித்து ஏசினேன். அவர் இன்னொரு பேடாவுக்குக் கையை நீட்டினார்.

மழை விட்டது. தண்ணீர் இறங்கி, பாலத்தின் இரண்டு பக்கத்துக் கல்லும் வெளியே தலைகாட்டுகிறவரை காத்திருந்தோம். அவர்களிடம் டிரைவர் இருந்தார், வண்டி இல்லை. எங்களிடம் வண்டி இருந்தது, டிரைவர் ஸ்டியரிங் பிடிக்கிற நிலையில் இல்லை. வேன் டிரைவர் அந்த ஊர்க்காரர், தினமும் போகிற பாலம் அது. மங்கலின் ஆட்கள் எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழே ஏறிக்கொண்டார்கள். என்னவர் எனக்கும் அந்த டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்த லீவரைப் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். லாரி தண்ணீருக்குள் இறங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் எல்லாரும் தங்கள் சாமி பெயரைச் சொன்னார்கள், நான் என் ஆண்டவர் பெயரைச் சொன்னேன். சக்கரம் மறுபக்கத்து ரோட்டைத் தொட்டது.

அவர் தலையைத் திருப்பிப் பின் ஜன்னல் வழியாக அத்தனை பேரையும் பார்த்தார். "முதல் லோடு ஏறிட்டு ஏட்டி" என்றார்.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். சாப்பிடாமல் மாத்திரை போட்டதற்கு டாக்டர் எங்கள் இருவரையும் பிள்ளைகளைத் திட்டுவதுபோலத் திட்டினார். பேடா கொடுத்திராவிட்டால் இங்கே கொண்டுவந்தும் பயனில்லாமல் போயிருக்கும் என்றார். மங்கல் எங்களோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டி ஏன் நூல் கட்டியிருந்தது என்று அப்போதுதான் கேட்டேன். அவள் மகளுக்குக் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து இப்போது உண்டாகியிருக்கிறாள். அவளுக்காக நேர்ந்துகொண்டு போன கோயில். பெட்டியை வீட்டில்தான் பிரிக்க வேண்டும், முதல் பேடா மகள் வாயில்தான் விழ வேண்டும். "உன் நேர்ச்சையை நான் கெடுத்துட்டேனே" என்றேன் என் அரைகுறை இந்தியில். அவள் காலிப் பெட்டியை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று என்றாள். அவள் மகள் பெயரைக் கேட்டுக்கொண்டேன். அன்று முதல் என் ஜெபத்தில் அந்தப் பெயர் விட்டுப்போனதில்லை.

அவர் நன்றாகத் தேறி, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே ஓட்டி வந்து சபை வாசலில் நிறுத்தினார். நடந்ததை ஐயாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம். ஐயா வண்டியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முதல் லோட அவரே வழியில எடுத்துக்கிட்டாரு, ஞானராஜ். இனி நான் என்னத்தப் பிரதிஷ்டை பண்ண, நன்றி மட்டும் சொல்லுவோம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை, சுகர் மாத்திரை போடுகிற ஒருத்தரும் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது என்று பிரசங்கத்துக்கு முன்னாலேயே அறிவித்தார். ஒரு சகோதரி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இருந்தாலும் படைச்சதையா அக்கா குடுத்தீங்க?" என்று கேட்டாள். என் விரலில் இருந்த பல் தழும்பைக் காட்டினேன்.

இப்போது லாரி நீல நிறம், மேலே டேங்க். செம்பூர் மலைச் சரிவில் உச்சி வீடு வரைக்கும் போகிறது. டேங்க் ஏற்றியவர் கூரை மூடியை வெல்டு வைத்து அடைத்துவிடலாம் என்றார். என்னவர் விடவில்லை. வாரம் ஒரு தரம் எண்ணெய் போடுகிறார்.

இந்த வருடம் மங்கலிடமிருந்து போன் வந்தது. பேத்தி பிறந்துவிட்டாள். மகள் கைக்குழந்தையோடு தாணேயில் புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டாள், கூடவே மங்கலும் வந்திருக்கிறாள். நானும் அவரும் தாராவியில் நல்ல பேடாவாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கினோம். ஐயா அதன்மேல் கை வைத்து அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தார். நான் சிவப்பு நூலால் கட்டினேன். லோக்கல் டிரெயினில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இது எங்கள் சபையில் ஜெபித்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வேண்டாம் என்றால் வருத்தப்படக் கூடாது என்று வழியெல்லாம் மனதைத் தயார்படுத்திக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் பெட்டியை நீட்டி, "ஹமாரா சர்ச் மே…" என்று ஆரம்பித்தேன். மங்கல் முழுக்கக் கேட்கவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்து, ஒரு பேடாவை எடுத்து நேராக மகள் வாயில் வைத்தாள்.

அடைபட்டுக் கிடக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். கடன், வியாதி, வீட்டுச் சண்டை, எதுவாகவும் இருக்கட்டும். சண்டை போட்டாவது அவரிடம் பேசுங்கள். கையை உயர்த்துங்கள். இடித்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். வெளியே ஒருத்தி பெட்டியோடு நிற்பாள். அவள் யார், எவர் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்த ஆண்டவருக்கு உயிருள்ள மட்டும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்.